மடியிற் கட்டிய ஓணான்

வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே கட்டிக்கொண்டு, பின்பு குடைகின்றதே என்று அழுதவனைப் பற்றி எம்மவரிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. அப்பழமொழியைக் கேட்டு வளர்ந்த எம்மிடையே, ஓணானையும் பல்லியையும் விரும்பி வீட்டில் வைத்து வளர்ப்பவன் ஒருவன் உளன் என்றால் அன்பர்கள் நகைப்பது இயல்பே. கல்லூரியில் உயர்தர வகுப்பில் விலங்கியல் பயின்ற காலந்தொட்டு ஊர்வனவற்றின்மேல் எனக்கு உண்டாகிய பற்று, இங்கிலாந்தில் குடியேறிய பின்னர் வளர்ப்பாக மாறி, இன்றைக்கு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுக என மலர்க் குழுவினர் பணித்தமையால், பெரிய விடயங்களை அறிஞர்களிடம் விட்டு, அண்மையில் நான் செய்யவேண்டியிருந்த ஒரு தேர்வைப் பற்றி இங்கு எழுதத் துணிகின்றேன்.

பல்லியினங்களை வளர்ப்போரிடையே எழுதப்படாத ஒரு வகுப்பேற்ற முறை உண்டு. தொடக்க வகுப்பில் சிறுத்தைப் பல்லி. இடைநிலை வகுப்பில் தாடி ஓணான். அதனையும் கடந்தவர்க்குப் பச்சோந்தி. உயர்தர வகுப்பில் உடும்பினங்கள். பட்டப் படிப்பிற்கு ஒப்பாக, எவரிடத்தும் இல்லாத அரிய இனம் ஏதேனும் ஒன்று. நானும் இவ்வழியே நடந்தவன். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய நாடுகளின் வரண்ட நிலங்களுக்குரிய சிறுத்தைப் பல்லி, நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் போலன்றி, இமைகளை உடையது; சுவரில் ஏறும் ஒட்டுவிரல் இல்லாதது; அந்திப் பொழுதில் நடமாடுவது. அது என்னிடம் 18 ஆண்டுகள் வாழ்ந்தது. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலை நிலங்களுக்குரிய தாடி ஓணான் 10 ஆண்டுகள் இருந்தது. யேமன் நாட்டுப் பச்சோந்தி 6 ஆண்டுகள் இருந்தது. பாத்திரத்தில் வைத்த நீரை அது பெரும்பாலும் நாடாது. இலைமேல் வீழ்ந்த துளியையே பருகும். ஆதலால் அந்த ஆறு ஆண்டுகளும் காலையும் மாலையும் செயற்கை மழை பெய்வித்தல் என் கடமையாயிற்று. அது இறந்தபின் கண்ணாடிக் கூடு வெறுமையாயிற்று. எனக்கோ வயது அறுபத்தேழு. அடுத்து எது என்பதே கேள்வி.

வளர்ப்பில் ஈடுபட்ட நண்பர்கள் எல்லோரும், இத்துணை அனுபவம் உடையவர் இனிப் பெரியதொன்றை, அல்லது அரியதொன்றைத்தான் எடுத்தல் வேண்டும் என்றனர். அனுபவம் என்பது மேன்மேலும் கடினமானதை எடுப்பதற்குக் கிடைத்த உரிமைச் சீட்டு என்பது அவர்கள் கருத்து. எனக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. எவற்றை வேண்டாம் என்று விலக்குதல் வேண்டும் என்பதை அறிவதே அனுபவத்தின் பயன். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் இதுவே. விலக்கியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகின்றேன். வளர்க்க விரும்பும் அன்பர் எவர்க்கேனும் பயன்படக்கூடும்.

முதலாவது, உருவம். பச்சை இகுவானாவின் குஞ்சு, இளவாழைக் குருத்தின் நிறமும் உள்ளங்கைக்குள் அடங்கும் உடலும் கொண்டு, காண்போர் மனத்தைக் கவரும். சில ஆண்டுகளில் அதுவே வாலுடன் ஒன்றரை மீற்றருக்கு மேல் வளர்ந்து, ஓர் அறை முழுவதையும் தனக்கென வேண்டி நிற்கும். ஆர்ஜென்றீனாவின் கருவெள்ளைத் தேகுவும் அவ்வாறே ஒரு மீற்றரைக் கடக்கும். இனப்பெருக்கக் காலத்தில் இத்தேகு தன் உடல் வெப்பத்தைச் சூழலைவிடப் பத்துப் பாகை செல்சியஸ் வரை உயர்த்திக்கொள்ள வல்லது என்று 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஊர்வன குளிர்க்குருதிப் பிராணிகள் என்று வகுப்பில் எழுதிப் புள்ளி பெற்ற எம்போன்றவர்க்கு வியப்பூட்டும் செய்தி அது. ஆயினும் வியப்பு வேறு, இடவசதி வேறு. தப்பியும் கைவிடப்பட்டும் வெளியே சென்ற இவ்விரண்டும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிப் பெருந்தொல்லையாயினமையால், 2021ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார் இவற்றைத் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலிற் சேர்த்தனர். மேற்கு ஆபிரிக்காவின் கானா, தோகோ, பெனின் நாடுகளிலிருந்து மலிவாக வரும் சவன்னா உடும்பின் கதை இன்னும் துயரமானது. இயற்கையில் பூச்சிகளையும் நத்தைகளையும் தேடி நாள் முழுவதும் அலையும் அது, கூட்டினுள் எலிகளை உண்டு கொழுத்து, முழு ஆயுளைக் காணாமலே பெரும்பாலும் இறந்துபடுகின்றது. மூன்று படுக்கையறைகள் கொண்ட ஒரு சாதாரண வீட்டில் இவை எவற்றுக்கும் நீதி செய்தல் இயலாது.

இரண்டாவது, வெயில். ஊர்வன தம் உடலின் வெப்பத்தைப் பெரும்பாலும் புறத்தேயிருந்து பெறுவன. ஆகவே அவற்றை வளர்த்தல் என்பது, உண்மையில், ஒரு சிறு பெட்டிக்குள் வெயிலை வளர்த்தலே ஆகும். வெப்பம் மாத்திரம் போதாது. பகலில் உலவும் இனங்களின் தோலில் கழியூதாக் கதிர் படும்பொழுதே விற்றமின் டி உண்டாகின்றது. அவ்விற்றமின் இல்லையேல் உண்ட கல்சியம் எலும்பிற் சேராது. எலும்பு மென்மையுற்று வளைந்துவிடும். யன்னலோரத்தில் வைத்தால் வெயில் படுமே என்று எண்ணுவோர் பலர். அக்கதிர்களை யன்னற் கண்ணாடி தடுத்துவிடும் என்பதை அவர் அறியார். விளக்கும் கண்ணுக்கு ஒளிர்ந்துகொண்டே இருக்க, அதன் கழியூதா குறைந்துகொண்டே போகும். ஆதலால் ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ ஒருமுறை அதனை மாற்றுதல் வேண்டும்.

நான் நெடுநாள் விரும்பியிருந்தது, வணிகர் ‘அக்கி’ எனச் சுருக்கி அழைக்கும் அவுஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு. அறுபது எழுபது சென்றிமீற்றர் நீளத்தில் நம்மூர் உடும்பின் அறிவும் துருதுருப்பும் அனைத்தும் அதனிடம் உண்டு. ஆனால் அது வெயில் காயும் கல் ஐம்பது பாகை செல்சியஸிற்கு மேல் சுடுதல் வேண்டும். அதே கூட்டின் மறுபுறம் முப்பதிற்குக் கீழே தணிந்திருத்தல் வேண்டும். தோண்டிப் புகுவதற்கு முழங்கால் அளவு ஈரமண் வேண்டும். இவையனைத்தும் ஆண்டு முழுவதும், நாள்தோறும் வேண்டும். 2022ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தை ஓய்வூதியம் பெறுவோர் மறந்திலர். பணம் குறையும்பொழுது விளக்கை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்துவிடலாம் என்ற எண்ணம் எவர்க்கும் எழக்கூடும். அவ்வெண்ணம் எழக்கூடிய நிலையில் உள்ளவன் முள்வால் உடும்பை விரும்பலாம், கொள்ளலாகாது.

மூன்றாவது, உணவு. இது சைவ வீடுகளுக்கே உரிய சங்கடம். எமது இல்லத்தில் மச்சமும் மாமிசமும் புகுவதில்லை. உயிருள்ள பூச்சிகளைப் பெட்டியில் வாங்கி வந்து பல்லிக்கு இடுவதை என் மனைவியார் முப்பது ஆண்டுகளாகப் பொறுத்தார், ஆயினும் ஒப்பவில்லை. ‘ஓர் உயிரை வளர்க்க இத்தனை உயிரா?’ என்பது அவர் கேள்வி. அதற்கு நேரிய விடை ஒன்றே. பூச்சி தின்னும் பிராணியைத் தெரிந்தெடுத்துக் கூட்டில் அடைத்துவிட்டு, எமது கொள்கைக்காக அதனைக் கீரை தின்னச் செய்தல் கொல்லாமை ஆகாது. மெல்லக் கொல்லுதலே ஆகும். மனம் ஒப்பாவிடின், இயற்கையாகவே இலைதழை உண்ணும் இனத்தை நாடுதல் வேண்டும். அவ்வகையில் வட ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் வாழும் முள்வாற்பல்லி என்னும் யூரோமாஸ்ரிக்ஸ் மிகவும் பொருத்தமானது. கீரையும் பூவும் விதையும் அதன் உணவு. அதனை ஒரு திங்கள் ஆராய்ந்தேன். ஆனால் அதுவும் ஐம்பது பாகை வெயில் கேட்பது. விற்பனைக்கு வருவனவற்றுட் பல, பாலைவனத்திற் பிடிக்கப்பட்டவை. இலையுண்ணும் பிராணி ஆயினும், அதனை வளையினின்று பறித்துக் கொணர்ந்தமை இம்சையே அன்றோ?

நான்காவது, ஆயுள். இதனை இளைஞர்கள் எண்ணுவதில்லை. நானும் முப்பத்தைந்து வயதில் எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று எண்ணாதிருத்தல் தகாது. நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லி, முற்றாக அழிந்துவிட்டது என்று பலரும் கருதியிருக்க, 1994ஆம் ஆண்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் கூடுகளில் இனம் பெருகி வாழ்கின்றது. அறையின் சாதாரண வெப்பமே அதற்குப் போதும். பழக்கூழை விரும்பி உண்ணும். எல்லா வகையிலும் இலகுவான அதனையும் நான் விலக்கியமைக்குக் காரணம், அது இரவில் உலவுவது என்பது மாத்திரம் அன்று; இன்று வாங்கும் குஞ்சு பதினைந்து இருபது ஆண்டுகள் வாழும் என்பதே. அப்பொழுது எனக்கு எண்பத்தேழு வயது. பிள்ளைகள் தத்தம் குடும்பங்களுடன் வேறு நகரங்களில் இருக்கின்றனர். அவர்கள் கேளாத சொத்து ஒன்றை, அதுவும் உயிருள்ள சொத்தை, எழுதி வைத்துவிட்டுப் போதல் அறமாகாது.

ஐந்தாவது, பிறப்பிடம். இங்கேதான் என் மனம் உண்மையில் சோதிக்கப்பட்டது. ஐரோப்பிய நகரொன்றில் ஊர்வன வணிகர் கூடும் சந்தைக்குச் சென்றிருந்தபொழுது, என் பெயரைக் கேட்டு நான் இலங்கையன் என அறிந்துகொண்ட வணிகர் ஒருவர், மேசையின் கீழிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். பசுமையான உடலும், மூக்கின் நுனியில் உருண்டைத் திமிலும் கொண்ட ஓர் ஓணான் அதிலே அசையாதிருந்தது. லிரியோசெபலஸ் என்னும் சாதியில் உள்ள ஒரே இனம் அது. இலங்கையின் ஈரவலயக் காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. மழைக்காட்டின் நிழலில் மண்புழுக்களைத் தேடி உண்பது. நூல்களிற் படமாகப் பார்த்த பிராணியை, ஊரினின்று எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், காகிதத் துண்டுகள் நிரப்பிய பெட்டியிற் கண்டேன். ‘உம் நாட்டுப் பிராணி, உம்மிடம் இருப்பதே முறை’ என்றார் அவர். கூட்டிற் பிறந்தது என்றும், அதற்குப் பத்திரம் உண்டென்றும் சொன்னார்.

அவ்வார்த்தை என்னை அசைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. புலம்பெயர்ந்தவன் ஒருவனுக்கு ஊர்ப் பொருள் எதுவும் பொன்னாகத் தோன்றும். ஆனால் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையிலே இத்தகைய பிராணிகளைப் பிடித்தலையும் வைத்திருத்தலையும் ஏற்றுமதி செய்தலையும் தடுக்கின்றது. 2019ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நடைபெற்ற சைற்றிஸ் மாநாட்டிலே, இலங்கைக்கே உரிய ஓணான்கள் பல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இலைமூக்கு ஓணானும், குட்டி ஈனும் குள்ள ஓணானும் வணிகம் முற்றாகத் தடுக்கப்பட்ட முதலாம் அட்டவணையில் இடம்பெற்றன. ஹோர்ட்டன் சமவெளியிற் காணப்படும் கொம்பு ஓணானும், பெட்டியில் இருந்த இத்திமில்மூக்கு ஓணானும் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றன. காட்டிற் பிடித்த ஒன்றையேனும் விற்பனைக்கு அனுப்பலாகாது என்பது அதன் நிபந்தனை. ஆகவே, கூட்டிற் பிறந்தது என்ற சொல் உண்மையே ஆயினும், அதன் தாயும் தந்தையும், அல்லது அவற்றின் முன்னோரும், எவ்வாறு கடல் கடந்தன என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவை வணிகரிடம் கேட்டேன். அவர் பெட்டியை மூடிவிட்டார்.

தாடி ஓணானைப் பற்றியும் இவ்வாறு கேட்கலாமே என்று ஒருவர் வினவக்கூடும். அவுஸ்திரேலியாவும் தன் விலங்குகளின் வணிக ஏற்றுமதியை 1960ஆம் ஆண்டுகள் முதலே தடுத்து வந்துள்ளது என்பதும், இன்று பிறநாடுகளில் வளர்வன பல தலைமுறைகளாகக் கூட்டிற் பிறந்தவை என்பதும் உண்மை. அவற்றின் பழைய வரலாறும் முற்றும் தூயதன்று. வேறுபாடு யாதெனில், இன்று ஒரு தாடி ஓணானை வாங்குவதால் அவுஸ்திரேலியப் பாலையில் ஒன்றும் குறைவதில்லை. இன்று ஒரு திமில்மூக்கு ஓணானை வாங்கினாலோ, சிங்கராசக் காட்டின் ஓரத்தில் எவனோ ஒருவன் இன்னொன்றைப் பிடிக்கப் பையுடன் புறப்படுவான். பணம் கொடுப்பவன் தூரத்தில் இருப்பதால் கை தூயதாகிவிடாது.

இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிய பின்னர் எஞ்சியது நீலநாக்கு அரணை. அதிலும் குஞ்சை நான் நாடவில்லை. கைவிடப்பட்ட ஊர்வனவற்றைப் பேணும் இல்லம் ஒன்றில், வளர்த்தவர் வெளிநாடு சென்றமையால் விடப்பட்ட ஒன்பது வயதுப் பெண் அரணை ஒன்று இருந்தது. அவுஸ்திரேலியாவின் வடபகுதிக்குரிய இனம், பிறந்தது இங்கிலாந்தில். அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை; அரை மீற்றர் நீளம். இவ்வினம் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வாழும். ஆகவே அதன் எஞ்சிய காலமும், இறைவன் திருவருள் இருப்பின் என் எஞ்சிய காலமும், ஓரளவு ஒத்துச் செல்லக்கூடும். ஒன்றரை மீற்றர் நீளமான கூடு ஏற்கெனவே இருந்தது. வெயில் காயும் இடத்திற்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பாகை வரை போதும். கீரை, பூசணி, பழம், அவித்த முட்டை, நத்தை என்பன அதன் உணவு; முட்டையும் நத்தையும் அடுக்களைக்குள் வருவதில்லை, கார் நிறுத்தும் கொட்டிலில் அவற்றுக்குத் தனிப் பெட்டி உண்டு. உயிருள்ள பூச்சிகளின் இரைச்சல் வீட்டில் அடங்கியதில் என் மனைவியாருக்குப் பெரும் ஆறுதல். பேரன் வரும்பொழுது ஒரு விதி மாத்திரம் கண்டிப்பாகக் காக்கப்படுகின்றது: ஊர்வன சல்மனெல்லா என்னும் பற்றீரியாவைத் தாங்கியிருக்கக் கூடுமாதலால், தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் ஒருவரும் உணவைத் தொடலாகாது.

வகுப்பேற்ற முறையை நம்பும் நண்பர்கள் ஏமாற்றமடைந்தனர். உயர்தர வகுப்பிலிருந்து இடைநிலைக்கு இறங்கிவிட்டீரே என்றார் ஒருவர். அரணை கடித்தால் மரணம் என்று அஞ்சிய ஊரிலே பிறந்தவன் அரணையை வளர்ப்பதும் ஓர் ஏற்றமே என்று சொல்லிச் சிரித்தேன். அரணை நஞ்சற்ற பிராணி என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் அறிவர். எளிய பிராணி என்று கருதப்படும் இதனிடத்திலும் கற்பதற்குக் குறைவில்லை. பகைவன் நெருங்கினால் வாயை அகலத் திறந்து நீலநாக்கை நீட்டும். அந்நாக்கின் முன்பகுதியைவிடப் பின்பகுதி கழியூதாக் கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்கின்றது என்றும், பகைவன் மிக அண்மையில் வந்த கடைசிக் கணத்திலேயே அது முழுவதும் காட்டப்படுகின்றது என்றும் 2018ஆம் ஆண்டின் ஆய்வொன்று விளக்கிற்று. முதல் மூன்று திங்களும் எனக்கும் அது நாக்கைக் காட்டியது. இப்பொழுது காட்டுவதில்லை. முப்பது ஆண்டுகளில் நான் பெற்ற பட்டங்களுள் இதனையே பெரிதாக மதிக்கின்றேன்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் வேலி ஓணானைப் பிடித்துப் போத்தலில் அடைத்தல் வேண்டாம். நீங்கள் வாழும் மண்ணில் கூடு தேவையில்லை. பார்க்கும் பொறுமையே தேவை. கிளுவை வேலியில் இருக்கும் ஆண் ஓணான் இனப்பெருக்கக் காலத்திலே கழுத்துச் சிவந்து தலையசைப்பதை, அது இரத்தம் உறிஞ்சுகின்றது என்று சொல்லிக் கல்லெறிவோர் இன்றும் உளர். இராமபிரானுக்கு அணில் இளநீர் கொடுக்க, ஓணான் செய்த அபசாரம் என்று ஒரு கதையும் அதற்குத் துணையாக வழங்குகின்றது. அது எவரின் இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை; தன் எல்லையையே காக்கின்றது. கடற்கரை மணற்பரப்புகளில் கழுத்து விசிறியை விரித்துக் காட்டும் சிற்றோணானைப் பற்றி, அது இலங்கைக்கே உரிய இரண்டு தனி இனங்களாகும் என்று 2015ஆம் ஆண்டிலேதான் அறிஞர் வகுத்துரைத்தனர். நெடுங்காலம் எம் கண்முன்னே ஓடித் திரிந்த ஒன்றுக்கு, பார்த்துக்கொண்டிருந்த சிலராற் பெயர் கிடைத்தது. அத்தகைய கண்களை உடையோர் எம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலிருந்தும் தோன்றுதல் வேண்டும். கல்லூரி அன்னை விழாக்கள் பல கண்டு நீடூழி வாழ்க.